ஈரத் தளம்

சதுக்கத்தின் நடுவில், பழைய டிராம் நிறுத்தம் இருந்த இடத்தில், சிமெண்ட் தளம் போடும் வேலை எங்களுக்கு. டிராம் என் அப்பா காலத்திலேயே நின்றுபோய்விட்டது, தண்டவாளத்தைக்கூடப் பெயர்த்துவிட்டார்கள். ஆனாலும் தினமும் காலையில் அங்கே ஒரு கூட்டம் வரிசைகட்டி நிற்கிறது. அதுவும் என் ஈரத் தளத்தின் மேல். "தள்ளி நில்லுங்கய்யா, இப்பதான் பூசினோம்" என்று கத்திக் கத்தித் தொண்டை வறண்டதுதான் மிச்சம். யாரும் திரும்பியே பார்ப்பதில்லை. அவர்கள் போனபின் தளத்தில் ஒரு கால்தடமும் இருப்பதில்லை. அந்த மட்டில் நிம்மதி.

நேற்று, என்னோடு பூசுகிற தங்கை புருஷனுக்குப் பொறுமை போய்விட்டது. "நீ இரு மச்சான், நாலு வார்த்தை நறுக்குனு கேட்டுட்டு வரேன்" என்று பூச்சுக் கரண்டியும் கையுமாகப் போனான். நான் ஒரு மூட்டையைப் பிரித்து நிமிர்வதற்குள் சதுக்கம் காலி. தளத்தின் பாதிவரை அவன் செருப்புத் தடம் இருந்தது. திரும்பி வந்த தடம் இல்லை.

இன்று விடிந்ததும் அந்தத் தடத்தைப் பூசி மூடினேன். வேலை நிற்குமா?

வழக்கம்போல வரிசை வந்து நின்றது. கடைசி ஆளின் கையில் கரண்டி.

"மாப்ளே!" என்று கத்தினேன். அவன் திரும்பவில்லை. அவன் காலடியில் ஈரச் சிமெண்ட் துளியும் அமுங்கவில்லை.

புருஷன் எங்கே என்று ராத்திரியிலிருந்து என் உயிரை வாங்கி, விடிந்ததும் கூடவே வந்துவிட்ட தங்கை செருப்பை உதறினாள்.

"உனக்குக் கத்த மட்டும்தாண்ணே தெரியும். தள்ளு, நான் போய்க் கேக்கறேன்."