குருவம்மாவின் ஏழு கிலோமீட்டர்

அறுபது தாண்டியவர்கள் அரசு ஆஸ்பத்திரி கொடுத்த, வீட்டுக்குள் நிற்கும் சைக்கிளைத் தினமும் மிதிக்க வேண்டும். மூன்று நாள் விட்டால் சர்க்கரை மருந்து நின்றுபோகும். ஆஸ்பத்திரிக்காரர்கள் மனுஷன் பேச்சை நம்பாமல் மெஷினை நம்புகிற ஆட்கள். என் பெண்டாட்டி குருவம்மா வழுக்கி விழுந்ததில் இடுப்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் இடம் கிடைக்க ஒரு வாரம் ஆனது. அதுவரை சைக்கிள் சீட்டை அவள் உயரத்துக்கு இறக்கி, மிதிப்பது யார் என்று மெஷினுக்குக் காட்டும் அவள் நாடிப்பட்டையை என் கையில் கட்டி, அவள் பங்கையும் நானே மிதித்தேன்.

இன்று ஆஸ்பத்திரிப் பெண் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துச் சிரித்தாள்.

"பாட்டி நேத்துகூட ஏழு கிலோமீட்டர் மிதிச்சிருக்காங்களே தாத்தா! இவங்களுக்கு எக்ஸ்ரே சீட்டே வராது. கூட்டிட்டுப் போங்க."

"எந்திரிக்கவே முடியலம்மா அவளால!"

"அப்ப மிதிச்சது யாரு?"

உண்மையைச் சொன்னால், மெஷினை ஏமாற்றினதுக்காக இரண்டு பேருக்கும் ஆயுசுக்கும் மருந்து கிடையாது. ஸ்ட்ரெச்சரில் கிடந்தவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.