பாதி ஆன்டெனா

"மாடிச் சாவி மொத்தம் மூணு பேர்கிட்டதான் இருக்கு. எங்கிட்ட, வாட்ச்மேன்கிட்ட, உன்கிட்ட. என் கொடிய நானே திருடிக்க மாட்டேன் தம்பி."

தையல்காரம்மா மொட்டைமாடிக் கதவைச் சாத்தி, அதன்மேலேயே சாய்ந்து நின்றார். குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் அவர். கழுத்தில் எப்போதும்போல அளவு நாடா தொங்கியது. முந்தாநாள் வரை மாடியின் குறுக்கே ஓடிய, துணி காயப்போடும் நான்கு கொடிகளும் இப்போது இல்லை. பச்சை பிளாஸ்டிக் உறை போட்ட நல்ல கம்பிக் கொடிகள். சுவரில் கொக்கிகள் மட்டும் துருத்திக்கொண்டிருந்தன.

"என் பங்குக் கொடியில அடையாளத்துக்குச் சிவப்பு நூல்கூட சுத்தி வெச்சிருந்தேன். கடைக்கு வந்த துணியெல்லாம் அலசின ஈரத்தோட நாறுது."

"எனக்கும் அதே கதிதான்க்கா. இந்தச் சட்டையத் தொட்டுப் பாருங்க, இன்னும் ஈரம்" என்றார், வயர்லெஸ் ரேடியோவில் ஊர் ஊராகப் பேசுவதையே பொழுதுபோக்காக வைத்திருக்கும் ரேடியோக்காரர். "ஏன் நின்னுகிட்டே பேசறீங்க? உக்காருங்க."

அவசரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார். மாடியின் நடுவில் பெரிய தார்ப்பாய் ஒன்று விரிந்திருந்தது. அதன் மையத்தில் சிமென்ட் நிரப்பிய பெயின்ட் வாளி. வாளியிலிருந்து ஆளைவிட உயரமாக ஒரு ஒல்லிக் கம்பி வானத்தைப் பார்த்து நின்றது.

"இது எதுக்குத் தார்ப்பாய்?"

"தரை கொதிக்குதுக்கா. கால் வைக்க முடியல."

"என் காலு மேல உனக்கு இவ்வளவு அக்கறையா?" தையல்காரம்மா உட்கார்ந்தார். கண் கம்பியை விட்டு நகரவில்லை. "கொடி காணாமப் போன அன்னைக்குத்தான் இது முளைச்சிருக்கு. சாயங்காலம் கூட்டம் இருக்கு. உன் சாவிய வாங்கிடணும்னு எல்லாரும் ஒத்தைக் கால்ல நிக்கறாங்க. நீ திருப்தியா பதில் சொன்னா சாவி உன்கிட்ட. இல்லேன்னா இந்தக் கம்பிய உன் படுக்கையறையில நட்டுக்கோ."

ரேடியோக்காரர் முகம் வெளிறியது. ஆனால், கம்பியைப் பற்றிப் பேச வேண்டும் என்றதும் அதே முகம் மலர்ந்தும் விட்டது.

"இது லாரியில மாட்டற ஆன்டெனாக்கா. பழைய சாமான் கடையில சல்லிசா கிடைச்சது. எங்களை மாதிரி லைசென்ஸ் வாங்கின ஆளுங்க பேசற அலைவரிசை வேற, லாரிக்காரங்க பேசறது வேற. ஆனா பக்கத்துப் பக்கத்து வீடு மாதிரி. கொஞ்சம் வெட்டினாப் போதும், நமக்கு ஆயிடும்."

"வெட்டினா எப்படி ஆகும்?"

"ஊஞ்சல் பாத்திருக்கீங்கல்ல? கயிறு குட்டையா இருந்தா வேகமா ஆடும். இதுவும் அப்படித்தான். நீளம் குறைஞ்சா வேகமான அலைக்கு ஒத்துப் போகும். கம்பி பொருந்தலேன்னா அனுப்பற சக்தி நம்மகிட்டயே திரும்பி வரும். அதை இந்த மீட்டர் முள்ளு காட்டும். கொஞ்சம் வெட்டுவேன், முள்ளைப் பாப்பேன், மறுபடி கொஞ்சம். மொத்தமா நாலு விரக்கடைதான் எடுத்தேன். ஒரேயடியா வெட்டிட்டா ஒட்டவா முடியும்?"

"துணியும் அப்படித்தான்" என்று தையல்காரம்மா தன்னையறியாமல் சொல்லிவிட்டு, சுதாரித்துக்கொண்டார். எழுந்து கம்பியைப் பிடித்து வளைத்தார். விட்டதும் சாட்டைபோல விறைத்து நின்றது. நாடாவை விரித்து, எட்டிய வரை அளந்தார். நகத்தால் சுரண்டினார். உறையும் இல்லை, பச்சையும் இல்லை.

"கொடி வளைச்சா வளைஞ்சபடியே இருக்கும். இது நிமிருது" என்றார்.

"அதேதான்க்கா!"

"சரி, இது அது இல்ல. அப்ப வாட்ச்மேன்தான். கூட்டத்துல நிக்க வெச்சுக் கேக்கறேன்."

ரேடியோக்காரர் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தார். "கேளுங்கக்கா."

அப்போது முக்காலியின் மேலிருந்த ரேடியோ கரகரத்தது. "மச்சான், இருக்கீங்களா? ஓவர்."

"என் மனைவியோட தம்பி. ரொம்ப தூரத்துலேர்ந்து பேசறான்."

"பேசு. நானும் கேக்கறேன்" என்று தையல்காரம்மா மறுபடி நாற்காலியில் சாய்ந்தார். முகத்தில் இப்போது வேடிக்கை பார்க்கும் ஆர்வம்தான் இருந்தது.

"இருக்கேன் மச்சான். எப்படிக் கேக்குது? ஓவர்."

"பிரமாதம்! முந்தாநாள் வரைக்கும் கொசு முனகற மாதிரி இருந்தீங்க. இப்பக் காதுல வாய வெச்சுக் கத்தறீங்க. பால்கனியில இருந்த அதே ஓட்டை ஆன்டெனாதானே? அப்படி என்னதான் பண்ணீங்க? ஓவர்."

யாராவது 'எப்படி' என்று கேட்டால் ரேடியோக்காரருக்கு உலகம் மறந்துவிடும். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அங்கதான் மச்சான் சூட்சுமம்! நட்டு நிக்கறது பாதி ஆன்டெனாதான். மீதிப் பாதி கீழே இருக்கணும். லாரியில அந்த வண்டியோட இரும்பு உடம்பே மீதிப் பாதியாயிடும். மொட்டைமாடியில லாரிக்கு எங்க போறது? அதான், அடியிலேர்ந்து நாலு பக்கமும் நாலு கம்பிய இழுத்துத் தரையோட தரையா விரிச்சு, மேல ஒரு..."

மைக் பொத்தானிலிருந்து விரல் நழுவியது.

பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. தையல்காரம்மா குனிந்து தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கினார். பச்சைக் கம்பியில் சிவப்பு நூல் அப்படியே இருந்தது.

"பாதி அங்க நிக்குது. மீதிப் பாதி மேல இவ்வளவு நேரமா என்னை உக்கார வெச்சிருக்க" என்று கையை நீட்டினார். "சாவியக் குடு தம்பி."