வயலெலிக்கு வந்த காய்ச்சல்

வயலெலிகளுக்குக் கூண்டு வைப்பது அவர் வேலை. மனைவி காய்ச்சலில் விழுந்த நாளிலிருந்து, முதல் கூண்டில் தினமும் ஒரே பெண் எலிதான் இருந்தது. ஆராய்ச்சிக்கு ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக்கொண்டு வயலிலேயே விட்டுவிடுவார்கள். மறுநாள் காலையில் அது மறுபடி வந்து உட்கார்ந்திருக்கும்.

"ஒரே வயல், ஒரே தீனி. ஆனா நோயை எதிர்க்கிறதுல ஒவ்வொரு எலியும் ஒவ்வொரு மாதிரிண்ணே" என்பார் ஆராய்ச்சி செய்யும் டாக்டரம்மா. ஒருநாள் காலை அந்த எலியின் ரத்தத்தை டாக்டரம்மா திரும்பத் திரும்பச் சோதித்தார்.

"அண்ணே, இது மனுசங்களுக்கு வர்ற காய்ச்சலோட மல்லுக்கட்டியிருக்கு. எலிக்கு அது வரவே வராது."

"ஜெயிச்சிடுச்சாம்மா?"

"ஜெயிச்சிடுச்சு. ஆளுதான் பாதியாப் போயிடுச்சு."

கூண்டுகளைக்கூடக் கழுவாமல் அவர் வீட்டுக்கு ஓடினார். நாள்கணக்காகக் கண் திறக்காமல் கிடந்த மனைவி, கட்டிலில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க? எலிக்கெல்லாம் வேளாவேளைக்குத் தீனி வைக்கிற மனுசனுக்குப் பொண்டாட்டி பசி தெரியாதா?"

நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். சூடே இல்லை. அடுப்பைப் பற்றவைக்கப் போனவர், அங்கேயே நின்று கொஞ்ச நேரம் அழுதார்.

மறுநாளும் அந்த எலி வந்திருந்தது, எலும்பும் தோலுமாக. கூண்டின் கதவைத் திறந்துவிட்டார். அது அசையாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

அவர் அதன் எதிரே வரப்பில் குந்தி உட்கார்ந்தார்.

"அவ எந்திரிச்சிட்டாம்மா. வயிறு நிறையச் சாப்பிட்டா. என்னைத் திட்டவும் செஞ்சா."

அதைக் கேட்ட பிறகுதான் அது மெல்ல இறங்கிப் புல்லுக்குள் போனது.