ஹாலிஸின் அலமாரி

கணவன் ஹாலிஸைப் புதைத்த நாளோடு சரி. அதன்பிறகு லோரீன் வீட்டு வாசலில் ஒரு பூட்ஸ் தடம்கூட விழவில்லை.

மொன்டானாவில் மண் ரோட்டின் கடைசி வீடு அவளுடையது. குழாய் உறைந்துவிட்டது. பனியை உருக்கித்தான் காபி போட்டாள். பிளந்து வைத்த விறகும் தீர்ந்துகொண்டிருந்தது. பேசாமல் பீனிக்ஸில் இருக்கும் மகளிடமே போய்விடலாமா என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தபோதுதான், பனி வாரும் தகட்டை முன்னால் மாட்டிக்கொண்டு ஊர்க்காரன் ட்வைட்டின் வண்டி வந்து நின்றது.

"சும்மா இந்தப் பக்கம் வந்தேன் லோரீன்."

இந்தப் பக்கம் அவள் வீட்டைத் தவிர வேறெதுவும் கிடையாது.

வாசலிலிருந்து ரோடுவரை பனியை வாரித் தள்ளினான். காபி குடித்தான். ஹாலிஸைப் போல ஒரு மனுசன் உண்டா என்றான். கிளம்பும்போது தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"பட்டறையில ஹாலிஸோட இரும்பு அலமாரி ஒண்ணு இருக்குமே. அப்படியேதான் இருக்கா?"

லோரீனுக்குப் புரிந்துவிட்டது.

அந்த வருஷம் ஊரில் எதற்குப் பஞ்சமோ இல்லையோ, ப்ரைமருக்குப் பெரும் பஞ்சம். தோட்டாவின் அடியில் வைக்கிற பொட்டு வெடி அளவுச் சமாச்சாரம்தான். அது இல்லாவிட்டால் வெடிமருந்தும் ஈயமும் மூட்டை மூட்டையாக இருந்தும் பிரயோஜனமில்லை. சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூட்டைப் பொறுக்கி வந்து வீட்டிலேயே நிரப்பிக்கொள்கிற ஆண்களெல்லாம் பைத்தியம் பிடித்த மாதிரி அலைந்தார்கள். துப்பாக்கிக் கடைக்காரர் வாசலிலேயே அட்டை மாட்டிவிட்டார்: "ப்ரைமர் இல்லை. எப்போது வரும் என்று கேட்டால் எனக்குக் கோபம் வரும்." ஹாலிஸின் அலமாரியில் அது பெட்டி பெட்டியாக இருக்கிறது என்று ஊரில் பேச்சு.

"இருக்கு," என்றாள் லோரீன். "பூட்டித்தான் வச்சிருக்கேன். தொறக்க இன்னும் மனசு வரல."

"ஐயோ, அவசரமே இல்ல. நிதானமா யோசிச்சு சொல்லுங்க," என்றான் ட்வைட்.

குழாயைச் சூடுகாட்ட ஏதாவது கிடைக்குமா என்று போன வாரமே அந்த அலமாரியைத் திறந்து பார்த்ததையும், உள்ளே ஒரு செத்த எலியைத் தவிர எதுவும் இல்லை என்பதையும் அவள் சொல்லவில்லை.

மறுநாள் இன்னொரு ஊர்க்காரன் கெர்மிட் வந்து குழாயைச் சரிசெய்தான். அதற்கடுத்து இரண்டு பேர் வந்து விறகு பிளந்தார்கள். பாதிரியார்கூட ஆப்பிள் கேக்கோடு வந்து ஜெபம் பண்ணிவிட்டு, கண்ணைத் திறந்ததும் பட்டறைப் பக்கம்தான் பார்த்தார்.

எல்லோருக்கும் ஒரே பதில். "இன்னும் மனசு வரல." அப்படிச் சொல்லும்போதெல்லாம் விறகு அடுக்கு ஒரு முழம் உயர்ந்தது.

ஆர்விட் மட்டும் தனி ரகம். ஹாலிஸின் நாற்பது வருஷக் கூட்டாளி. தினமும் வருவான், துரும்பைக்கூட நகர்த்த மாட்டான். அடுப்புப் பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, மற்றவர்கள் கொண்டுவந்த கேக்கைத் தின்பான். ப்ரைமர் என்ற பேச்சையே எடுக்க மாட்டான்.

"அவன்கிட்ட ஜாக்கிரதையா இருங்க," என்று ட்வைட் எச்சரித்தான். "நாங்களாவது வேலை செஞ்சிட்டுக் கேக்கறோம். அவன் உக்காந்த எடத்துலயே மொத்தத்தையும் அமுக்கப் பாக்கறான்."

லோரீனுக்கும் அப்படித்தான் பட்டது.

மார்ச் மாதம் கெர்மிட் ஒரு பொட்டலம் கொண்டுவந்தான். எல்க் மான் இறைச்சி.

"வீட்டுல இருந்தது மூணே மூணு தோட்டா. ஒண்ணைச் செலவழிச்சேன். உங்களுக்குக் குடுக்காம எப்படி?" என்றான். "பனி கரையட்டும், கூரையையும் மாத்திடலாம்." அலமாரியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த இறைச்சி அவளுக்குத் தொண்டையில் இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். ஆனால் அதற்கு முன்னால் ஆர்விட்டிடம் சொல்ல வேண்டும். அவன் முகம் தொங்கிப்போவதைத் தனியாக உட்கார்ந்து பார்க்க ஆசை.

அவன் கேக்கில் முள்கரண்டியைக் குத்தும்வரை காத்திருந்தாள்.

"ஆர்விட், நீ இத்தனை நாள் வந்தது வீண். அந்த அலமாரி காலி."

"தெரியும்," என்று சொல்லி வாயில் போட்டுக்கொண்டான்.

"என்ன தெரியும்?"

"டாக்டர் கைவிரிச்சப்புறம் ஹாலிஸ் என்னைக் கூப்பிட்டான். இதையெல்லாம் யாருக்குடா வச்சிருக்கணும்னான். ஓடைக்கரையில பீர் டப்பாவ வரிசையா நிக்க வச்சு, இருந்த ப்ரைமர் மொத்தத்தையும் தோட்டாவா நிரப்பி ரெண்டு பேரும் சுட்டுத் தீர்த்தோம். அவன் அப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்ல."

லோரீன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஞாயித்துக்கிழமை எல்லார்கிட்டயும் சொல்லிடப் போறேன்."

"கூரை முடியட்டும். அப்புறம் சொல்லு."

"காலின்னு தெரிஞ்சும் தினம் வந்திருக்கே. சரி. ஆனா ரொம்பி வழியுதுன்னு ஊரெல்லாம் கிளப்பிவிட்டது எந்தப் படுபாவி?"

ஆர்விட் தட்டை வழித்துத் தின்று முடித்துவிட்டு, நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு முனகலோடு எழுந்தான்.

"எனக்கு இடுப்பு போச்சு, லோரீன். கோடாலி தூக்க முடியாது. வாய் ஒண்ணுதான் இன்னும் வேலை செய்யுது."