நேப்பிள்ஸில் பாடாத பாட்டு

மெஹ்ரெஸ் கச்சேரிக்குள் போகவே இல்லை என்று வஜ்தி சொன்னபோது பெஸ்மா நம்பவில்லை.

"சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லாதே," என்றாள்.

"நான் சொல்லலக்கா. பாடகரே நேத்து ரேடியோவுல சொன்னதை வச்சுத்தான் சொல்றேன்."

துனிஸ் நகரத்தில், பாப் சூய்க்கா பக்கத்துக் காப்பிக் கடை. 'சப்கா' ரசிகர்கள் வாராவாரம் கூடும் மேஜை அது. சப்கா அந்த ஊர்ப் பையன்களின் ராக் இசைக்குழு. இந்தக் கோடையில் இத்தாலி, பிரான்ஸ் என்று சுற்றிவிட்டு இப்போதுதான் ஊர் திரும்பியிருந்தது.

மேஜையில் இருந்த அத்தனை பேரும் விசா கேட்டார்கள். மெஹ்ரெஸ் ஒருவனுக்குத்தான் கிடைத்தது. ஆகவே எந்தப் பாட்டில் ஆரம்பித்தார்கள், எதில் முடித்தார்கள் என்று ஒவ்வொரு ஊரிலிருந்தும் எழுதி அனுப்புவது அவன் பொறுப்பு. அதை வைத்துக்கொண்டு இங்கே இவர்கள் பாகப்பிரிவினை மாதிரி சண்டை போட்டார்கள். மிலானில் 'கல் உப்பு' பாட்டை நடுவில் தள்ளிவிட்டார்கள் என்று வஜ்தி கோபித்துக்கொண்டு யாரோடும் பேசாமல் திரிந்தான். என்னவோ அவன் வீட்டுச் சொத்தைத் தள்ளிவிட்ட மாதிரி.

பெஸ்மா இந்தக் கூட்டத்துக்குப் புதியவள். இந்த மேஜையின் பழைய ஆளான தம்பி சைஃப் வீட்டில் இருந்தவரை, "சத்தத்தைக் குறைடா" என்று அவன் கதவை இடித்ததுதான் அவளுக்கும் இந்தப் பாட்டுகளுக்கும் இருந்த உறவு.

போன வருஷம் சைஃப் யாரிடமும் சொல்லாமல் இத்தாலிக்குப் படகேறினான். படகு கரை சேர்ந்தது என்றார்கள் சிலர். இல்லை என்றார்கள் சிலர். அவனிடமிருந்து ஒரு போன் கூட வரவில்லை. அதன் பிறகுதான் அவள் அவன் அறையில் உட்கார்ந்து ஒவ்வொரு பாட்டாகக் கேட்டாள். இடித்த கதவை நினைத்து நினைத்து அழுதாள்.

'கடைசி ரயில்' என்ற பாட்டென்றால் சைஃபுக்கு உயிர். சப்கா எந்தக் கச்சேரியையும் அதில்தான் முடிக்கும்.

நேப்பிள்ஸிலிருந்து மெஹ்ரெஸ் அவளுக்குத் தனியாக எழுதியிருந்தான். 'கடைசி ரயிலில்தான் முடித்தார்கள், அக்கா. சைஃப் பேரைச் சொல்லிக் கத்தினேன்.'

அதை அவள் அம்மாவுக்குப் படித்துக் காட்டினாள். பல மாதம் கழித்து அம்மா அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாள்.

"நேப்பிள்ஸ்ல அந்தப் பாட்டைப் பாடவே இல்லையாம்," என்றான் வஜ்தி. "தாள்ல எழுதி வச்சிருந்தாங்களாம். பாடப் போறப்ப தொண்டை அடைச்சுக்கிட்டு, பாடாமலே இறங்கிட்டாராம். உள்ள இருந்தவனுக்கு இது தெரியாமப் போகுமா?"

பெஸ்மாவுக்குப் புரிந்தது. குழுவினர் மேடையில் காலடியில் ஒட்டிவைக்கும் பாட்டு வரிசைத் தாளை, கச்சேரி முடிந்ததும் ரசிகர்கள் கிழித்துக்கொண்டு போவது வழக்கம். வெளியே வந்த எவனிடமோ அதை வாங்கிப் பார்த்து, மெஹ்ரெஸ் அப்படியே எழுதி அனுப்பியிருக்கிறான். தாளில் இருந்தது, மேடையில் இல்லை.

"விசா கிடைச்சதும் ஐயா ஊர் சுத்தப் போயிட்டாரு," என்றான் வஜ்தி. "நாம இங்க வாயைப் பொளந்துட்டு உக்காந்திருந்தோம்."

மெஹ்ரெஸ் வந்தான். வெயிலில் கறுத்து, இளைத்துப் போயிருந்தான். நாற்காலியை இழுத்து உட்காருவதற்குள் வஜ்தி ரேடியோ கதையைச் சொல்லி முடித்துவிட்டான். ஊரில் எத்தனை கடை ஏறினாய், எத்தனை பெண்களோடு படம் எடுத்தாய் என்று குத்தலாகக் கேட்டான்.

பெஸ்மா ஆத்திரத்தோடு குறுக்கிட்டாள்.

"பாட்டு விஷயத்துல பொய் சொன்னே, போகட்டும். என் தம்பி பேரை எதுக்குடா இழுத்தே? அதைக் கேட்டு எங்கம்மா சிரிச்சாங்கடா."

"கத்தினது பொய் இல்லக்கா," என்றான் மெஹ்ரெஸ் மெதுவாக. "ரோட்டுல ஒருத்தன் போனான். நடை அப்படியே சைஃப் மாதிரி இருந்துச்சு. கத்தினேன். திரும்பிப் பாத்தான். வேற யாரோ."

"ரோட்டுலயா?"

"நான் வாசல்லதான் நின்னேன். எல்லா ஊர்லயும். ஜனம் வர ஆரம்பிக்கிறதுலேருந்து கடைசி ஆள் போற வரைக்கும்."

"கையில டிக்கெட் வச்சுக்கிட்டு எவனாவது வாசல்ல நிப்பானா?" என்றான் வஜ்தி.

மெஹ்ரெஸ் அவன் பக்கம் திரும்பவில்லை.

"உள்ள எல்லாரும் மேடையைப் பாத்துட்டு நிப்பாங்கக்கா. இருட்டுல முதுகுதான் தெரியும். வாசல்ல நின்னாத்தான் ஒவ்வொரு முகமாப் பாக்கலாம். சைஃப் அந்தக் கரையில எங்க இருந்தாலும் சப்கா கச்சேரிக்கு வராம இருக்க மாட்டான்னு நினைச்சேன்."

வஜ்தி தலையைக் குனிந்துகொண்டான். பெஸ்மா கேட்கப் பயந்த கேள்விக்கு மெஹ்ரெஸே பதில் சொன்னான்.

"எந்த ஊருக்கும் அவன் வரலக்கா. அதை உங்களுக்கு எழுதக் கை வரல. அதான் பாட்டுப் பேரா எழுதி அனுப்பினேன்."