லிப்ட் எடுக்கும் படம்

அந்த அடுக்குமாடியில் லிப்டில் ஏறினால், இறங்குவதற்குள் அது கணையத்தைப் படம் எடுத்துக் குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பிவிடும். போன வருஷம் பொன்னுரங்கத்தின் கணையத்தில் மிளகு அளவுக்குப் புற்றுக்கட்டி இருப்பதை அதுதான் காட்டியது. சீக்கிரமே தெரிந்ததால் அறுத்து எடுத்தார்கள், பிழைத்துக்கொண்டார். ஆனால் அன்றைக்கு அவர் லிப்டை விட்டு இறங்குவதற்குள் மூன்று குடும்பங்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வீட்டுக்கு வந்துவிட்டன.

அதற்குப் பிறகு எல்லோரும் மாடிப்படிதான். கேட்டால் உடற்பயிற்சி என்பார்கள்.

இப்போது அவர் மனைவி வேதவல்லிக்குக் கண் மஞ்சளாகியிருந்தது; அதுவும் கணையக் கோளாறாக இருக்கலாம். லிப்ட் படம் இல்லாமல் ஆஸ்பத்திரியில் டோக்கன்கூடத் தரமாட்டார்கள்.

"ஏறு வேதா."

"மூணாவது மாடி சரோஜா பாத்தான்னா நான் செத்தே போயிட்டேன்னு சொல்லிடுவா. நான் படியில வரேன்."

"படி படம் எடுக்குமா? இது காட்டுனதாலதான் இன்னிக்கு உன்கிட்ட திட்டு வாங்கிட்டு நிக்கறேன்."

"உங்களுக்கென்ன, நீங்க பாட்டுக்கு ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டீங்க. விசாரிக்க வந்தவங்களுக்கெல்லாம் காபி போட்டது யாரு?"

பொன்னுரங்கம் லிப்ட் கதவை மூடாமல் கையால் பிடித்துக்கொண்டார்.

"இந்தத் தடவை நான் போடறேன்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு உள்ளே வந்தாள்.

லிப்ட் கிளம்பியது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே, மாடிக்கு மாடி ஆட்கள் படியேறுவதை நிறுத்திவிட்டு, போனைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார்கள். வேதவல்லி முடியை ஒதுக்கி, முந்தானையைச் சரிசெய்தாள்.

"அது கணையத்தைத்தான் எடுக்கும், வேதா."

"இருக்கட்டும். எல்லாரும் பாக்கப்போற படம்."