மாரியாயி உதைத்த தகரம்

"அடியே மாரியாயி, நீயெல்லாம் மனுஷிதானா?"

பக்கத்து வீட்டு நல்லம்மாள் கேட்டதில் தப்பே இல்லை.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லைனில் நாற்பது வீட்டுக்கும் ஒரே குழாய். மாரியாயி அங்கே வாயைத் திறந்தால், ஆபத்துச் சங்கு என்று நினைத்து கூட்ஸ் வண்டி நின்றுவிடும். இரண்டு தடவை நின்றதை நானே பார்த்தேன்.

அப்பேர்ப்பட்டவள் வம்புக்கு இழுத்தது யாரை? சூ யின்னை!

லைனுக்குப் பின்னால் சலவைக் கடை வைத்திருந்த ஆ கியோங்கின் தங்கை அவள். சீனாவிலிருந்து கப்பலில் வந்து மூன்று மாதம். இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

இருபது வருஷம் லைன் துணியை வெளுத்துக் கற்ற தமிழில் ஆ கியோங்தான் விஷயத்தைச் சொன்னான்.

"எங்க ஊர்லே ஏழு வருஷமா சண்டை. சீனனுக்கும் சீனனுக்கும். ஒரு பட்டாளம் வரும், அரிசி எடுக்கும். அடுத்த பட்டாளம் வரும், 'அவனுக்கு ஏன் அரிசி குடுத்தே'ன்னு வீட்டைக் கொளுத்தும். மூட்டை தூக்க இவ புருஷனைப் பிடிச்சிட்டுப் போனான். திரும்பி வரல்லே. ரெண்டு பிள்ளை. ஓடுற வழியிலே பசி. இவளே கையால மண்ணு தோண்டிப் புதைச்சா."

அன்றிலிருந்து சூ யின் தண்ணீர்த் தகரத்தோடு வந்தால் வரிசையே ஒதுங்கி நிற்கும். யாரும் அவள் முகத்தைப் பார்க்கமாட்டார்கள். நிழல் மாதிரி வருவாள், பிடிப்பாள், போவாள்.

மாரியாயி மட்டும் அந்தத் தகரத்தைத் தூக்கி வரிசைக் கடைசியில் வைப்பாள். தினமும்! சூ யின்னும் பேசாமல் கடைசியில் போய் நிற்பாள்.

"பிள்ளைகளைப் பறிகொடுத்தவடி!" என்பாள் நல்லம்மாள்.

"அதுக்கு? என் வீட்டு உலை காத்துக்கிட்டிருக்குமா?"

வெள்ளிக்கிழமை ஆ கியோங் குழாயடிக்கே வந்து அழுதான்.

"டாக்டர் பேப்பர் எழுதிட்டாரு. திங்கட்கிழமைக்குள்ளே பேசலேன்னா ஈப்போப் பக்கம் பைத்தியக்கார ஆஸ்பத்திரி. அக்கா, எனக்கு மிச்சம் இவ ஒருத்திதான்."

எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். மறுநாள் மாரியாயி தகரத்தை இரண்டு தடவை தூக்கி எறிந்தாள்.

லைன் கூலிகளை மேய்க்கும் மண்டோர் கன்னையாவுக்கே பொறுக்கவில்லை. "இந்தா பொம்பளே! இன்னொரு தரம் பார்த்தேன், உன் புருஷனுக்கு வேலையும் இல்லே, உனக்கு லைன் வீடும் இல்லே. மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்!"

மாரியாயி முந்தானையை உதறிக்கொண்டு போனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. கன்னையா காவலுக்கு நிற்கிறார். சூ யின்னின் தகரம் விளிம்பு வரை நிறைந்துவிட்டது.

மாரியாயி நேராக வந்தாள். விட்டாள் ஓர் உதை!

தண்ணீர் முழுக்க மண்ணில்.

சூ யின் தகரத்தைப் பார்த்தாள். மாரியாயியைப் பார்த்தாள். அடுத்த நொடி மாரியாயியின் கொண்டை அவள் கையில்! கூடவே கிளம்பியது பாருங்கள் ஒரு கத்தல்… பங்சார் ரப்பர் தோட்டத்துக் காக்கை அத்தனையும் கிளம்பி இருபது மைல் தள்ளிக் கிள்ளான் போய்ச் சேர்ந்துவிட்டது.

ஆ கியோங் சோப்பு நுரைக் கையோடு ஓடிவந்தான்.

"என்னய்யா சொல்றா?" என்றார் கன்னையா.

"'நான்தான் முன்னாடி வந்தேன்! என் தகரம், என் தண்ணி! உதைக்க நீ யாருடி?'ங்கிறா அண்ணே! அப்புறம் மாரியாயி அக்காவோட பரம்பரையையே… வேணாம், அதைச் சொல்லமாட்டேன்!" சிரித்துக்கொண்டே தேம்பினான்.

வாய் திறந்தவள் நிறுத்தவில்லை. ஈரமண்ணில் உட்கார்ந்து இரண்டு பெயர்களைச் சொல்லிச் சொல்லிக் கதறினாள். அவை யாருடைய பெயர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

மாரியாயியும் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். கொண்டை இன்னும் சூ யின் பிடியில்தான்.

கன்னையா தலைப்பாகையைக் கழற்றிக்கொண்டார்.

நல்லம்மாள் குடத்தை இறக்கி வைத்தாள். "இதுக்காகவாடி இத்தனை நாளும்? பாவம்னு நாங்கெல்லாம் வழி விட்டுக்கிட்டுத்தானே இருந்தோம்?"

மாரியாயி நிமிர்ந்து பார்த்தாள்.

"பொணத்துக்குத்தாண்டி எல்லாரும் வழி விடுவாங்க."